பனையேறத் தேற எத்தனை நாள் ஆகும்? தென்னையில் தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மரமேறக் கற்க விரும்பும் இளைஞர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தோப்பு இருந்தும் தேங்காய் பறிக்க ஆள் கிடைக்காதவர்கள், நகரத்து வேலையை விட்டுவிட்டு வந்து பதநீர் இறக்க நினைப்பவர்கள், தாத்தா ஏறிய பனையில் தானும் ஏற ஆசைப்படுபவர்கள். எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை நாள் ஆகும் என்பதுதான்.

கருவியை மாட்டிக்கொண்டு தென்னையில் ஏற ஒரு வாரம் போதும். ஒரு தோப்பை நம்பி உங்களிடம் ஒப்படைக்கும் அளவுக்குத் தேங்காய் அறுப்பில் தேற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். காலில் தளைநார் என்ற நார் வளையம் போட்டுப் பனையேறி, பாளை சீவி, பதநீர் இறக்கும் பனையேறியாக அதற்கு மேல் மூன்று பருவம், அதாவது மூன்று வருடம் ஆகும். இது என் கணிப்பு. உடல்வாகும் சொல்லித்தருபவரும் நன்றாக அமைந்தால் கொஞ்சம் குறையலாம், பெரிதாகக் குறையாது.

காரணம் எளிது. ஏறுவது இந்தத் தொழிலில் கால் பங்குதான். மீதி முழுக்க உச்சியில் செய்கிற வேலை. அந்த வேலையைப் பழக மரம் இடம் கொடுக்க வேண்டும். பனையில் பாளை வருடத்துக்கு ஒரு பருவம்தான் வரும். அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டியதுதான். இங்கே காலத்தை நாளால் எண்ணுவதைவிட, மரங்களாலும் பருவங்களாலும் எண்ணுவதே பொருத்தம்.

மேலைநாடுகளில் கயிறும் பெல்ட்டுமாக மரமேறிக் கிளை கழிப்பது தனித்தொழில். அங்கேயும் கணக்கு இப்படித்தான் போகிறது. பன்னாட்டு மரவளர்ப்பியல் சங்கம் மரமேறுபவர்களுக்குத் தரும் சான்றிதழுக்கான தேர்வு எழுதவே 18 மாத ஏறும் அனுபவம் கேட்கிறார்கள்.

முதல் படி: மரத்தில் கை வைப்பதற்கு முன் உடம்பு

குறைந்தது ஒரு மாதம் இதற்கு ஒதுக்குங்கள். பலர் இதைத் தாண்டிவிட்டு நேராக மரத்துக்குப் போகிறார்கள். இரண்டாம் நாளே முன்கை மரத்து, தொடை நடுங்கி, இது நமக்கு ஆகாது என்று விட்டுவிடுகிறார்கள்.

பிடிமானத்துக்கு, கம்பியில் தொங்கிப் பழகுங்கள். ஒரு நிமிடம் அசையாமல் தொங்க முடிந்தால் தொடங்கப் போதும். காலுக்கு, குதிகால் தரையில் படும்படி குந்தி உட்கார்ந்து எழுங்கள். இந்தியக் கழிப்பறையை விட்டுவிட்டவர்களுக்கு இதுவே முதலில் கஷ்டமாக இருக்கும். கணுக்கால் நன்றாக மடங்காவிட்டால் உள்ளங்கால் மரத்தில் அழுந்தாது, உள்ளங்கால் அழுந்தாவிட்டால் பிடிப்பே இல்லை.

கணுக்கால் விஷயம் சிறியதல்ல. உகாண்டாவில் தேனெடுக்க மரமேறும் துவா மக்களைப் பற்றி 2013ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. பக்கத்திலேயே வாழும், மரமேறாத உழவர்களான பகிகா மக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, துவா ஆண்களின் கெண்டைக்கால் தசையிழைகள் நீளமாக இருந்தன, கணுக்காலும் கூடுதலாக வளைந்தது. எலும்பில் பெரிய வித்தியாசம் இல்லாமலேயே, ஏறி ஏறிப் பழகியதில் தசை மாறியிருக்கிறது. உங்கள் காலும் மாறும், ஆனால் மாதக்கணக்கில்தான் மாறும். அவசரப்பட்டால் குதிகால் நரம்பு பிடித்துக்கொள்ளும்.

செருப்பில்லாமல் நடப்பதையும் இந்த மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். உள்ளங்கால் தோல் கெட்டிப்படாமல் பனையில் கால் வைக்க முடியாது.

இரண்டாம் படி: மரத்தைக் கீழே நின்று படிப்பது

இதற்கு உடல்பலம் தேவையில்லை, பொறுமை வேண்டும். தேர்ந்தவர்கள் மரத்தடிக்கு வந்ததும் உடனே ஏறுவதில்லை. ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். அந்தச் சுற்றில் என்ன பார்க்கிறார்கள் என்பதைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும்.

தண்டில் ஓட்டை இருந்து அதிலிருந்து பழுப்பு நிறச் சாறு கசிந்தால், உள்ளே சிவப்புக் கூன்வண்டு இருக்கலாம். வெளியே பச்சையாகத் தெரியும் மரமே உள்ளே கூடாக இருக்கும். கொண்டை சாய்ந்திருக்கிறதா, நடுக்குருத்து வாடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடி விழுந்த மரம், வேர்ப்பக்கம் மண் அரித்த மரம், இரண்டையும் புதியவர் தொடக்கூடாது. கையால் தட்டிப் பார்த்தால் வரும் சத்தத்தில் வித்தியாசம் தெரியும். பத்து நல்ல மரத்தைத் தட்டிப் பழகியிருந்தால்தான் பதினோராவது கெட்டது என்று காதுக்குப் புரியும்.

அடுத்தது மின்கம்பி. உச்சிக்குப் பக்கத்தில் கம்பி போனால் அந்த மரம் வேண்டாம். மட்டை சாய்ந்து கம்பியைத் தொட்டாலும் ஆபத்துதான், இரும்புக் கருவியோடு ஏறினால் ஆபத்து இன்னும் கூடும்.

அதற்கடுத்தது கதண்டு. பனையிலும் தென்னையிலும் கூடு வைக்கும் இந்தப் பெரிய குளவி கூட்டமாகக் கொட்டினால் உயிர் போகும். தரையிலிருந்தால் ஓடலாம், நாற்பதடி உயரத்தில் எங்கே ஓடுவது? மட்டை இடுக்கைக் கீழிருந்தே கவனித்து, பூச்சி போய்வரும் தடம் தெரிந்தால் ஒதுங்கிவிடுங்கள். உச்சியில் தேளும் பாம்பும் இருப்பதும் புதிதல்ல. அதனால் பார்க்காத இடத்தில் கை வைக்காத பழக்கம் முதல் நாளிலிருந்தே வரவேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலர் ஏறச் சுலபமாக இருக்கட்டும் என்று தென்னந்தண்டில் படிபோல வெட்டி வைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தென்னையும் பனையும் வேம்பு, புளி போலத் தண்டில் பட்ட வெட்டை மூடிக்கொள்ளும் மரங்கள் அல்ல. வெட்டிய காயம் மரம் இருக்கும்வரை இருக்கும். தண்ணீர் தேங்கும், கூன்வண்டு அதன் வழியாக உள்ளே போகும்.

மூன்றாம் படி: தென்னையும் ஆறு நாள் பயிற்சியும்

பனை ஏற வேண்டும் என்பதுதான் ஆசை என்றாலும், தென்னையில் தொடங்குவதே நல்லது என்பேன். தண்டு ஒல்லி, வருடம் முழுக்க வேலை உண்டு, கருவியும் இருக்கிறது.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி உருவாக்கிய ஏறும் கருவிதான் இன்று பரவலாகப் பழக்கத்தில் இருப்பது. இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக இரண்டு சட்டங்கள், ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் இரும்புக் கம்பிவடம், கால் வைக்க மிதி. ஒரு காலில் எடையை ஊன்றினால் அந்த வடம் இறுகும். எடை இல்லாத மற்ற சட்டத்தைக் கையால் தூக்கி மேலே வைக்க வேண்டும். இப்படி மாற்றி மாற்றி ஏறுவது.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011ல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, இந்தக் கருவியில் ஆறு நாள் பயிற்சி தந்தது. வேளாண் அறிவியல் மையங்கள் வழியாகத் தமிழ்நாட்டிலும் பயிற்சி நடந்திருக்கிறது. பெண்களும் நிறையப் பேர் கற்று ஏறுகிறார்கள். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் மையத்தில் அடுத்த பயிற்சி எப்போது என்று விசாரிப்பதுதான் முதல் வேலை.

ஆறு நாளில் என்ன வரும்? கருவியை மாட்டக் கழற்றத் தெரியும், ஏறி இறங்கத் தெரியும், உயரத்துப் பயம் பாதி குறையும். வேகம் வராது. தோளும் கெண்டைக்காலும் ஒரு மாதம் வலிக்கும். முதல் வாரம் ஆளுயரத்துக்கு மேல் போகாமல், ஏறுவதைவிட இறங்குவதையே அதிகம் பழகுங்கள். களைத்த உடம்போடு, கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாமல் வருவது இறங்கும்போதுதான்.

பாதுகாப்பு பெல்ட் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் இரண்டு நொடியில் தரை, அப்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அந்த இரண்டு நொடியில் எந்தத் திறமையும் உதவாது. தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வாங்குங்கள். இடுப்பு பெல்ட் மட்டும் போதாது. அதன் கயிறு மரத்தைச் சுற்றி எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும். பெல்ட் இருந்தாலும் தனியாக ஏறாதீர்கள். மயங்கி பெல்ட்டில் தொங்கும் ஒருவரை அப்படியே விட்டால், கால்களில் ரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். மேலே ஏறி அவரை இறக்கத் தெரிந்த ஒருவர் தோப்பில் இருக்க வேண்டும்.

நான்காம் படி: தென்னை உச்சியில் ஒரு வருடம்

ஏறத் தெரிந்தவருக்கும் அறுக்கத் தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தோப்புக்காரர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார். முற்றாத குலையை வெட்டிப் போட்டால் அவருக்கு நஷ்டம்.

தென்னையில் ஏறக்குறைய மாதம் ஒரு பாளை வெடிக்கும். அதனால் உச்சியில் குரும்பை முதல் நெற்றுவரை எல்லா வயதுக் குலையும் ஒரே நேரத்தில் இருக்கும். இளநீருக்கு ஏழு மாத அளவு, தேங்காய்க்குப் பதினொன்று, பன்னிரண்டு மாதம். எந்தக் குலை எந்த வயது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். தோப்பில் 45 முதல் 60 நாளுக்கு ஒரு அறுப்பு என்று வைத்தால், வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறைதான் அதே மரத்தைப் பார்ப்பீர்கள். அதனால்தான் ஒரு வருடம் என்கிறேன். ஒரே தோப்பை வருடம் முழுக்க அறுத்தால், போன தடவை விட்டுவைத்த குலை இந்தத் தடவை எப்படி முற்றியிருக்கிறது என்று பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

உச்சியில் எதைப் பிடிக்கலாம் என்பது அதைவிட முக்கியம். பச்சை மட்டையின் அடியை மட்டும் பிடியுங்கள். பழுத்த மட்டை கையோடு வரும். குலைக்காம்பில் எடையைப் போடாதீர்கள். கொண்டைக்கு வந்ததும் முதல் வேலை பெல்ட் கயிற்றை உச்சிக்குக் கீழே தண்டைச் சுற்றி மாட்டுவது, அதற்குப் பிறகே அரிவாளில் கை. இளநீர்க் குலையைக் கயிறு கட்டி இறக்க வேண்டும், விழுந்தால் உடைந்துவிடும்.

நல்ல மரமேறி அறுத்துவிட்டு மட்டும் இறங்குவதில்லை. காய்ந்த மட்டையையும் பன்னாடையையும் நீக்கிக் கொண்டையைச் சுத்தம் செய்வார். குருத்தில் ஓட்டை இருந்தால் காண்டாமிருக வண்டைக் கம்பிக் கொக்கியால் குத்தி எடுப்பார். எந்த மரத்தில் நோய் தெரிகிறது என்று இறங்கி வந்து சொல்வார். தோப்புக்காரர் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது இப்படிப்பட்டவரைத்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழையையும் ஒரு ஆடிக் காற்றையும் தென்னையில் பார்த்த பிறகு பனைக்கு வாருங்கள்.

ஐந்தாம் படி: பனையில் முதல் பருவம்

இனி ஆசான் இல்லாமல் நடக்காது. படித்துப் பனையேற முடியாது, இந்த வழிகாட்டியையும் சேர்த்தே சொல்கிறேன். தூத்துக்குடி, இராமநாதபுரம், கன்னியாகுமரி, விழுப்புரம் பக்கங்களில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒருவரிடம் போய், “அண்ணாச்சி, ஒரு பருவம் உங்க கூட நிக்கிறேன்” என்று கேளுங்கள். கூலி கேட்காதீர்கள். பதநீர் சேரும் கலயத்தைக் கழுவுங்கள், சுண்ணாம்பு கலக்குங்கள், பதநீரைச் சுமந்து கொண்டுபோங்கள். அவர் வீட்டில் அம்மாவோ அக்காவோ கருப்பட்டி காய்ச்சுவதையும் உட்கார்ந்து பாருங்கள். பதநீரில் என்ன குறை என்பது அடுப்பில்தான் தெரியவரும்.

பருவம் ஊருக்கு ஊர் மாறும். தென்மாவட்டங்களில் தை, மாசியில் தொடங்கி ஆடிவரை போகும். பங்குனியும் சித்திரையும் உச்சம்.

பனையில் ஏறும் முறை வேறு. தண்டு பருமன், சொரசொரப்பு. 30 மீட்டர்வரை வளரக்கூடிய மரம். தளைநார் என்பது பனை நாரில் செய்த வளையம், இரண்டு பாதங்களையும் அதில் மாட்டிக்கொள்வார்கள். மரத்தைக் கைகளால் கட்டிப்பிடித்துக்கொண்டு, இரண்டு கால்களையும் ஒன்றாக மேலே இழுத்து, உள்ளங்கால்களை மரத்தின் இருபுறமும் அழுத்தி, அந்த அழுத்தத்தில் எழும்ப வேண்டும். எழும்பியதும் கை மேலே போகும். கையால் உடம்பை இழுப்பவர் பதினைந்து அடியில் களைத்துவிடுவார். எழும்பும் வேலை காலுக்கு, விழாமல் பிடிக்கும் வேலை மட்டும் கைக்கு. சில ஊர்களில் மரத்தையும் இடுப்பையும் சேர்த்துக் கயிறு போட்டு ஏறுகிறார்கள். யாரிடம் கற்கிறீர்களோ அவர் முறையையே பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

நெஞ்சும் முன்கையும் உரசிக் காயமாகும். பழைய பனையேறிகள் நெஞ்சுக்குத் தோல் கட்டிக்கொள்வது அதற்காகத்தான். முதல் பருவத்தில் புண்ணோடு ஏறக்கூடாது, ஆறவிட்டு ஏறுங்கள். அடுத்த பருவத்தில் அதே இடம் காய்த்துப் போயிருக்கும்.

உச்சியில் தென்னைக்கும் பனைக்கும் பெரிய வித்தியாசம் கருக்குமட்டை. அதன் இரு விளிம்பும் ரம்பம். மட்டை வழியே உடம்பை நுழைத்து மேலே வருவதற்கே தனிப் பழக்கம் வேண்டும். குட்டையான மரத்தில் இதைப் பழகலாம். இந்தப் பருவம் முழுக்க ஏறுவது, இறங்குவது, கலயம் எடுப்பது, நுங்கு வெட்டுவது, இவ்வளவுதான் உங்கள் வேலை. பாளையில் அரிவாள் வைக்காதீர்கள்.

ஆறாம் படி: இரண்டாம் பருவத்தில் பாளை

இங்கேதான் தொழில் தொடங்குகிறது.

ஆண்பனையில் பாளை வெளிவந்ததும், விரல் விரலாக நிற்கும் கதிர்களைச் சேர்த்துக் கட்டி, கடிப்பு என்ற மரக்கருவியால் இடுக்குவார்கள். நசுங்கவும் கூடாது, இடுக்காமல் விடவும் கூடாது. பல நாள் தொடர்ந்து இடுக்கி, நுனியைச் சீவிக்கொண்டே வந்தால் சாறு இறங்கத் தொடங்கும். பெண்பனையில் காய் திரள்வதற்கு முன்பே இடுக்க வேண்டும், அதற்கான கடிப்பும் பதமும் வேறு. எவ்வளவு அழுத்தம் என்பதை எந்த எழுத்தாலும் சொல்ல முடியாது. அண்ணாச்சியின் கை இடுக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்து, பிறகு உங்கள் கையால் செய்து, ஒரு வாரம் கழித்துச் சாறு வருகிறதா என்று பார்ப்பதுதான் வழி. ஒரு தவறு தெரியவே ஒரு வாரம் ஆகிறது என்பதால்தான் இந்தப் படிப்பு இவ்வளவு மெதுவாக நடக்கிறது.

சீவுவதும் அப்படியே. தாள் கனத்துக்குச் சீவ வேண்டும். தடிமனாகச் சீவினால் பருவம் முடிவதற்குள் பாளை தீர்ந்துவிடும். மொண்ணை அரிவாளால் சீவினால் வெட்டு வாய் கசங்கிச் சாறு நின்றுவிடும். எனவே அரிவாள் தீட்டக் கற்பதையும் ஏறுவதற்குச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டாலும் வரத்து குறையும், சில நாள் விட்டால் பாளை காய்ந்துபோகும். கல்யாணம், காய்ச்சல், மழை எதுவும் பாளைக்குத் தெரியாது.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும். குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகும். கூடினால் ருசி கெடும், கருப்பட்டியும் நன்றாக வராது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. ஆகவே சுண்ணாம்பு விஷயத்தில் கவனக்குறைவு சட்டச் சிக்கலிலும் கொண்டுபோய் விடும்.

இந்தப் பருவத்தில் நான்கைந்து மரத்துக்கு மேல் எடுக்காதீர்கள். ஆண்பனையும் பெண்பனையும் கலந்திருக்கட்டும்.

ஏழாம் படி: மூன்றாம் பருவத்தில் எண்ணிக்கை

முழுநேரப் பனையேறி ஒரு நாளில் முப்பது, நாற்பது மரம் ஏறுகிறார், காலையும் மாலையும். முப்பது மரம், சராசரி 12 மீட்டர், இரண்டு தடவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 720 மீட்டர் மேலே ஏறி, அவ்வளவும் கீழே இறங்குகிறார். திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர். தினமும் அதை எட்டுத் தடவைக்கு மேல் ஏறுவதற்குச் சமம், அதுவும் படி இல்லாமல்.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் களுத்துறைப் பக்கம் தென்னைகளின் உச்சிகளைக் கயிற்றால் இணைத்து, மரத்துக்கு மரம் கயிற்றின் மேலேயே நடந்து போய்க் கள் இறக்குகிறார்கள். அங்கே ஏறி இறங்கும் வேலை மிச்சம். நம் பனங்காட்டில் பெரும்பாலும் ஒவ்வொரு மரமும் ஏறி இறங்க வேண்டியதுதான்.

மூன்றாம் பருவத்தில் பத்து மரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். விடியும் முன்பே எழுந்து, வெயில் ஏறுவதற்குள் காலைச் சுற்றை முடிப்பது, வயிறு நிறையச் சாப்பிடாமல் ஏறுவது, இடையிடையே தண்ணீர் குடிப்பது, எல்லாம் இப்போதுதான் அர்த்தமாகும். குடித்துவிட்டு ஏறக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. மறுநாள் காலை தலை கிறுகிறுப்போடும் ஏறக்கூடாது என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

பனி ஈரத்தில் எந்த மரம் வழுக்கும், எந்த மரம் காய்ந்துவிடும் என்று பார்க்காமலே சொல்ல முடிகிறதா? மழை இருட்டிக்கொண்டு வரும்போது இடி கேட்குமுன் இறங்கிவிடுகிறீர்களா? ஒரு மரத்தடியில் நின்று, இன்றைக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போக முடிகிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் உங்களை அனுபவசாலி என்று சொல்லலாம்.

யாராவது விழுந்துவிட்டால்

தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். முதுகெலும்போ கழுத்தோ முறிந்திருந்தால், நல்லெண்ணத்தோடு தூக்குபவர்களே நிரந்தர ஊனத்துக்குக் காரணமாகிவிட நேரும். 108ஐ அழைத்து, தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் பலகையில் உடம்பு முழுவதும் ஒரே நேராக வைத்து நகர்த்துங்கள். இதைத் தோப்பில் கூட வேலை செய்பவர்களுக்கும் முன்பே சொல்லி வைத்திருங்கள்.

பதிவும் காப்பீடும்

பனை ஏறுபவர்கள் தமிழ்நாடு பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா என்ற விபத்துக் காப்பீடு உண்டு. தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், விபத்து கற்கும் காலத்திலும் வரும். ஏறத் தொடங்கிய மாதமே விண்ணப்பித்துவிடுங்கள்.

வயது பற்றியும் கேட்கிறார்கள். இருபதில் தொடங்கினால் நல்லது. முப்பத்தைந்தில் தொடங்கினாலும் தென்னையைக் கருவியோடு நன்றாக ஏறலாம். நாற்பதுக்கு மேல் பனையைப் புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் முழங்காலையும் ரத்த அழுத்தத்தையும் மருத்துவரிடம் காட்டிவிட்டு, ஒரு பருவம் குட்டை மரங்களில் மட்டும் ஏறிப் பார்த்து முடிவு செய்யட்டும்.